கண்டியிலிருந்து ஒரு பகல் நடை



காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு, மலையொன்றில் ஏறி நடந்து, இருள் சூழுமுன் திரும்பிவிடலாம் என்றால், அது நம்மிற் பலருக்கும் எட்டக்கூடிய இன்பமாகும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நெடுநாள் விடுமுறையும் வேண்டியதில்லை. வேண்டுவன இரண்டே: உறுதியான கால்கள் ஒன்று, முன்யோசனை மற்றொன்று. கால்கள் பெரும்பாலாரிடம் உள. முன்யோசனைதான் அரிதாகக் காணப்படுகிறது. ஆகவே இன்றைய பேச்சில், கண்டி மாநகரை நடுவாக வைத்து, அங்கிருந்து ஒரு பகற்பொழுதுக்குள் சென்று மீளத்தக்க மலைவழிகள் நான்கினை முதலிற் கூறி, பின்னர் அவற்றில் நடப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய சிலவற்றை எடுத்துரைக்க எண்ணுகிறேன்.

கண்டியைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது அந்நகரம். தெற்கே ஹந்தானை மலை. வடகிழக்கே நக்கிள்ஸ் என்று வழங்கும் தும்பறை மலைத்தொடர். பஸ் வண்டியிலோ மோட்டார் வண்டியிலோ எத்திசையிற் சென்றாலும், அரை மணி முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு மலைவழியின் வாயிலை அடைந்துவிடலாம். தொலைவிலிருந்து வருவோர் முதல்நாள் இரவைக் கண்டியிற் கழித்தால் மறுநாட் பகல் முழுவதும் நடைக்குக் கிடைக்கும்.

முதலாவது வழிக்கு வண்டியே வேண்டியதில்லை. தலதா மாளிகைக்குப் பின்புறம் எழுந்து நிற்கும் உடவத்தகெலே என்னும் காடு அது. ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்புடைய இக்காடு 1856ஆம் ஆண்டில் ஒதுக்கக் காடாகவும், 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அன்று அரசாங்கம் ஒதுக்கியிராவிடின், நகரின் நெஞ்சத்தில் இன்று ஒரு காடு இருந்திராது. ஆளுநர் ஹோட்டனின் மனைவியார் பெயரால் வழங்கும் பாதையில் நடந்தால், யானையின் துதிக்கை போற் பருத்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவிச் செல்வதைக் காணலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் இந்நடை, புதிதாகத் தொடங்குவோர்க்குப் பொருத்தமானது. காலணி கடிக்கிறதா, தண்ணீர் போதுமா, மூச்சு வாங்குகிறதா என்பனவற்றை ஆபத்தின்றி அறிந்துகொள்ளும் இடம் இதுவே.

இரண்டாவது வழி ஹந்தானை. ஏழு சிகரங்கள் உடையதென்று கூறப்படும் இம்மலையின் அடிவாரத்திலேதான் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டில் இம்மலைப் பிரதேசம் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இங்குள்ள பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. அதன் அருகிலிருந்து ‘பெக்கோ பாதை’ என்னும் நெடுநடை வழி தொடங்குகிறது. தோட்டங்களுக்குள் ஏற்கெனவே கிடந்த பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் நுவரெலியாவரை அதனை அமைத்திருக்கின்றனர். முழுவதையும் நடப்பது பல நாள் வேலை. ஆனால் ஹந்தானையிலிருந்து கலஹா வரையுள்ள முதற்பகுதியை ஒரு பகலில் முடித்து, கலஹாவிலிருந்து பஸ் வண்டியிற் கண்டிக்குத் திரும்பலாம். தேயிலைச் சரிவும், புல்வெளியும், பைன் மரத் தோப்பும் இவ்வழியில் மாறிமாறி வரும். பைன் ஊசியிலைகள் உதிர்ந்து கிடக்கும் சரிவிற் கால் வழுக்கும். இறங்கும்போது அங்கு அவசரம் ஆகாது.

மூன்றாவது வழி தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துர. இலங்கைத் தேயிலையின் பிறப்பிடம் இது. ஸ்கொத்லாந்திலிருந்து 1852ஆம் ஆண்டில் வந்த ஜேம்ஸ் டெய்லர் என்பார், 1867இல் இத்தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் வணிக நோக்கோடு தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தலைகாட்டிற்று. அடுத்துவந்த ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அழிந்தொழிய, தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. டெய்லர் 1892இல் இத்தோட்டத்திலேயே காலமாகிக் கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல் ஆசனம் என ஒன்றை இன்றும் காட்டுகின்றனர். தேயிலை நிரைகளுக்கிடையே அதுவரை ஏறிச் செல்வது இனியதொரு காலை நடை.

நான்காவது வழிதான் நெடுந்தூரமானது, சிறப்பும் அதற்கேற்றதே. கண்டியிலிருந்து மாத்தளை, இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் கணவாய்க்கு ஏறி, அப்பால் இறங்கினால் பிட்டவெல பத்தனை என்னும் புல்வெளி வரும். இது தும்பறை மலைத்தொடரின் ஒரு பகுதி. கைவிரல்களை மடக்கிப் பிடித்தாற் போலச் சிகரங்கள் தோன்றியமையால் ஆங்கிலேயர் இதற்கு ‘விரற்கணுக்கள்’ என்ற பொருளில் நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். 1873ஆம் ஆண்டிலேயே, 5000 அடிக்கு மேற்பட்ட நிலத்திற் காடழித்தல் ஆகாதென்று அரசாங்கம் கட்டளையிட்டது. 2010இல், ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக்காட்டோடும் சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் இது உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. பிட்டவெல பத்தனையில் பாறையின் மீது மெல்லிய மண்படலமே உண்டு. அதன்மேற் குட்டையான புல் வளர்ந்திருக்கும். அப்புல்லை மிதித்துக் கிளறினால் அடுத்த மழையில் மண் போய்விடும். பின்பு எஞ்சுவது பாறையே. ஆதலின் வகுத்த பாதையை விட்டு விலகலாகாது. வெளியின் ஓரத்தில் நிலம் திடீரென அற்றுப்போய்ப் பெரும் பள்ளம் தோன்றும். காற்று வலிதாய் வீசும் நாளில் அவ்விளிம்பை அணுகுதல் தகாது.

நேயர்களே, இந்நான்கு வழிகளையும் கூறியபின் இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு. இப்பாதைகளை யார் போட்டனர்? வாரவிடுமுறையில் வரும் நம்மைப் போன்றோர் போடவில்லை. ஹந்தானையிலும் லூல்கந்துரவிலும் உள்ளவை பெரும்பாலும் கொழுந்து பறிப்போர் மலையேறிய வழிகள். லயங்களிலிருந்து பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்ற வழிகள். தும்பறையில் உள்ளவை கிராமத்தவரும் ஏலக்காய் எடுப்போரும் நடந்த வழிகள். மாத்தளைச் சாலைக்கோ இன்னும் பழையதொரு கதை உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். தலைமன்னாருக்குப் புகைவண்டி வந்தது 1914ஆம் ஆண்டிலேதான். அதற்கு முந்திய தலைமுறைகளில், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். றிவர்ஸ்டனுக்குச் செல்லும் நாமும் மாத்தளையைக் கடந்தே செல்கிறோம். நாம் இன்பத்துக்காக நடக்கும் நாட்டில், பிழைப்புக்காக நடந்தோர் நமக்கு முன்னர் இருந்தனர் என்பதை அவ்விடத்திலாவது நினைத்தல் வேண்டும்.

இதனை வெறும் நன்றியுணர்ச்சிக்காக நான் கூறவில்லை. நம் உயிருக்கும் இதிற் காரியம் இருக்கிறது. மலையைப் பற்றிய அறிவு அம்மக்களிடமே இருக்கிறது. எந்த ஓடை மழைக்குச் சட்டெனப் பெருகும், எந்தச் சரிவு சென்ற மாதம் சரிந்தது, மூடுபனி எவ்வேளையில் இறங்கும் என்பன அவர்களுக்குத் தெரியும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைநாடெங்கும் மண்சரிவுகள் நேர்ந்து, கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களிற் பெருந்தொகையான உயிர்கள் மடிந்தன. பல சரிவுகள் குலைந்தன. பல வழிகள் மாறின. பழைய படத்தையோ, கைத்தொலைபேசியில் யாரோ எழுதிய குறிப்பையோ மட்டும் நம்பி அத்தகைய மலையில் ஏறுதல் அறிவீனம். புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டறியுங்கள். மலையடியைச் சேர்ந்ததும், அங்கு முதலிற் காணும் மனிதரிடம் வழி கேளுங்கள். ‘இன்று போகவேண்டாம்’ என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள். மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. மலையில் வழி தவறுவோரிற் பலர் காலையிற் பிந்திப் புறப்பட்டவர்களும், மாலையில் திரும்ப மனமில்லாதவர்களுமே. நமது நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. மேலைநாடுகளின் கோடைகாலம் போல நீண்ட மாலைப்பொழுது நமக்கு இல்லை. மலைச் சரிவிலும் மரநிழலிலும் இருள் அதற்கும் முந்தியே வந்துவிடும்.

1892ஆம் ஆண்டில் நெயிஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறி எளிய கணக்கொன்று சொன்னார். அதனை மீற்றர் அளவில் இவ்வாறு கூறலாம்: ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்துக் கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள வழிக்கு, இக்கணக்கின்படி மூன்று மணி நேரமாகும். இது ஓய்வின்றி நடக்கும் திடகாத்திரருக்கு உரியது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இதனோடு பாதியைக் கூட்டி, நாலரை மணி நேரம் எனக் கொள்வாராக. திரும்பும் வேளையை வீட்டிலேயே முடிவுசெய்து, கூட்டத்தார் அனைவருக்கும் சொல்லிவிட வேண்டும். பகல் பன்னிரண்டு என்று முடிவாயின், சிகரம் கண்ணெதிரே நின்றாலும் பன்னிரண்டுக்குத் திரும்புவதே முறை. மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை பெய்வது மலைநாட்டின் இயல்பு. அம்மாதங்களில் இவ்விதியைத் தளர்த்தவே கூடாது. திறந்த புல்வெளியில் நிற்பவனே மின்னலுக்கு மிக உயரமான பொருள் ஆகிறான்.

கூட்டமாகச் செல்வோர் மெதுவாக நடப்பவரை முன்னே விடவேண்டும். மலை பழகிய ஒருவர் கடைசியில் வரவேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் தலைகளை எண்ணிக்கொள்ள வேண்டும். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதிலும் இது முக்கியமானது. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் கூறிச் செல்லுங்கள். வழி தவறிவிட்டால், இருளில் இறங்க முயலாது, இருந்த இடத்திலேயே இருந்து, 119 என்ற எண்ணில் பொலிசாரையோ, 117 என்ற எண்ணில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையோ அழையுங்கள். கையில் எடுத்துச் செல்வன தண்ணீர், கட்டுச்சோறு, மழைச்சட்டை, கைவிளக்கு, மெல்லிய கம்பளிச் சட்டை ஆகியன. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பதால், கண்டியின் வெயிலை நம்பிக் கம்பளியை விட்டுச் செல்லலாகாது. அட்டைக்கு அஞ்சுவோர் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிச் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளலாம். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் சிறிது உப்பு இட்டால் தானே விழுந்துவிடும்.

இறுதியாக, நடத்தை பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து நிரைகளுக்கிடையே நாம் நடக்கும்போது, ஒரு தொழிலாளியின் வேலைத்தலத்தின் ஊடே நடக்கிறோம். அன்றைய கொழுந்தின் நிறையே அவருடைய கணக்கு. நின்று படத்துக்கு முகங்காட்ட அவருக்கு நேரமில்லை. கேளாது படம் எடுத்தலும், லயத்து வாசலில் எட்டிப்பார்த்தலும், குடித்த போத்தலை நிரைக்குள் எறிதலும் நற்பண்பாகா. வறண்ட மாதங்களிற் புல்வெளியில் எறிந்த தீக்குச்சியொன்று ஒரு மலைச்சரிவையே கருக்கிவிடும். நம் வீட்டு முற்றத்தில் அயலார் எப்படி நடக்கவேண்டுமென்று விரும்புவோமோ, அப்படியே நாமும் அங்கு நடத்தல் வேண்டும்.

வழி கேட்பதற்கு மொழி தடையாகுமோ என்று சிலர் ஐயுறலாம். லூல்கந்துரச் சரிவிலே நிற்பவரிடம் தமிழிற் பேசலாம். பிட்டவெலக் கிராமத்தில் நிற்பவரிடம் சிங்களத்திற் பேசவேண்டும். ஆயினும் இரண்டு இடங்களிலும் ஒரு பெண்மணியை ‘அக்கா’ என்று அழைக்கலாம். அச்சொல் இரு மொழிக்கும் பொது. அவ்வாறு அழைத்து, இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, அவர் காட்டும் வழியே செல்லுங்கள். மாலையில் இறங்கி வரும்போது, நலமாகத் திரும்பினோம் என்று அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.