கீழாநெல்லி எது?



வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிறது. உடனே இன்னொருவர் வரப்புக்கு ஓடுகிறார். கை நிறையச் செடி பறித்து வருகிறார். "கீழாநெல்லி" என்கிறார். அது கீழாநெல்லிதானா?

இரண்டு சுழி போட்டால் 'ன'. மூன்று சுழி போட்டால் 'ண'. ஒரு சுழியில் எழுத்தே மாறுகிறது. செடியிலும் அப்படித்தான். இந்த மூன்றையும் பாருங்கள்.

கீழாநெல்லி: சிறு இலைகள் குச்சியின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும். குச்சியைத் திருப்பினால் அடியில் காய்கள் தொங்கும். காய் வழவழப்பானது. அதற்குச் சிறு காம்பு உண்டு.

சிவப்புக் கீழாநெல்லி: இதிலும் காய் அடியில்தான். ஆனால் காம்பு தெரியாது. குச்சியோடு ஒட்டியிருக்கும். காய் சொரசொரப்பானது. தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும்.

மேலாநெல்லி: இலைகள் இரண்டு வரிசையாக இருக்காது. தண்டைச் சுற்றி வரும். இலை அடியில் குறுகி, நுனியில் அகன்றிருக்கும்.

கடைச் சரக்கிலும் கலப்பு உண்டு. தென்னிந்தியக் கடைச் சரக்கைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. கீழாநெல்லிச் சரக்கு வாங்கிய கடைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கில் வேறு இனச் செடிகள் இருந்தன.

சரியான செடி கிடைத்தாலும் அது போதாது. பித்தநீர் வரும் வழியைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எலிக்காய்ச்சலிலும் ஆகும். எந்த நோய் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாள் கடத்த வேண்டாம்.

நாளைக்கு வரப்பில் நடக்கும்போது ஒரு குச்சியைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுங்கள்.