சிறுகடையும் இணையப் பணமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனியில் சாம்பார்ப் பொடியும் அப்பளமும் வற்றலும் செய்து விற்கும் இல்லங்கள் சில உண்டு. அண்டை வீட்டாருக்கு மட்டும் விற்ற வரையில், பணம் வாங்கும் முறையைப் பற்றி எண்ணத் தேவை எழவில்லை. இணையத்தில் ஒரு சிறுகடை திறந்தாலோ, முகம் அறியாத ஒருவர் வேற்றூரிலிருந்து பொருள் கேட்பார். அவரிடம் பணம் பெறுவது எங்ஙனம்? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

காசு மூட்டையைச் சுமக்காமல் தொலைவிற்குப் பணம் அனுப்பும் கலை தமிழர்க்குப் புதிதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் வழியே கடல் கடந்தும் பணம் செலுத்தினர். அத்தாளுக்கு மதிப்பைத் தந்தவை கணக்கின் ஒழுங்கும் நாணயமுமே. இணையக் கடைக்கும் அவ்விரண்டே மூலதனம்.

நம் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, யூ.பி.ஐ. 2016ஆம் ஆண்டில் வந்த இம்முறையில், கடையின் கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்து, வாங்குவோர் தம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்துகின்றனர். சில நொடிகளில் பணம் வந்து சேரும். இதற்கு வணிகர் தரவேண்டிய எம்.டி.ஆர். என்னும் கட்டணம் 2020 சனவரி 1 முதல் நீக்கப்பட்டது. ஆயினும் எந்தப் பணம் எவருடைய ஆர்டருக்கு உரியது என்பதை நாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கு 5 ஆர்டர் வரும்போது இது எளிது. தீபாவளிக்கு முன் 50 வந்தால், ஒருவருக்கு இருமுறை பொட்டலம் போகும். பணம் கொடுத்த மற்றொருவர் காத்துக் கிடப்பார்.

இரண்டாவது, பேமென்ட் கேட்வே. இதன் வழியே யூ.பி.ஐ., வங்கி அட்டை, நெட்பேங்கிங் ஆகிய எல்லாவற்றாலும் பணம் பெறலாம். ஒவ்வொரு தொகையும் அதற்குரிய ஆர்டரோடு தானே இணைந்துவிடும். பணம் பெரும்பாலும் ஓரிரு வேலை நாள்கள் கழித்து நம் கணக்கை அடையும். இந்நிறுவனங்கள் பல, நூற்றுக்கு 2 ரூபாய் அளவில் கட்டணம் கொள்கின்றன. அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்வதுண்டு. அவ்வாறு சேர்ந்தால், 500 ரூபாய்ப் பொருளுக்கு 11 ரூபாய் 80 காசு போக, 488 ரூபாய் 20 காசு கைக்கு வரும்.

மூன்றாவது, பொருள் சேர்ந்தபின் பணம் பெறுவது. புதிய கடையை நம்பத் தயங்குவோர்க்கு இது ஆறுதல். ஆனால் பொட்டலத்தை அவர் வாங்க மறுத்தால், போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில் விழும். அப்பளம் உடைந்தே திரும்பும்.

இவற்றுள் எதைக் கொள்வது? கட்டணம் இல்லாததே சிறந்தது என்று பலர் துணிந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. நள்ளிரவு வரை விழித்து வரவைச் சரிபார்க்கும் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை இல்லையா? கேட்வேக்குத் தரும் கட்டணம் ஒரு கணக்கப்பிள்ளையின் சம்பளம் போன்றது. கணக்கப்பிள்ளை வேண்டாத அளவில் கடை இருக்கும் வரை, வணிகத்திற்கெனத் தனி வங்கிக் கணக்கும் யூ.பி.ஐ.யும் போதும். கணக்குத் தடுமாறத் தொடங்கும் நாளில் கேட்வேயை அமர்த்துவோம். அப்போது அந்நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றதா என்பதையும், பணத்தைத் திருப்பித் தரும்போது கட்டணம் என்னாகும் என்பதையும் முன்னரே கேட்டறிவோம். கட்டணத்தையும் சேர்த்தே பொருளின் விலையை வகுப்போம்.

காவலும் வேண்டும். 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று ஒருவர் காட்டும் கைப்பேசித் திரையின் படம் ரசீது ஆகாது. அப்படத்தைப் பொய்யாகவும் செய்ய இயலும். நம் வங்கிக் கணக்கில் வரவு கண்ட பின்னரே பொட்டலம் வாயிற்படி தாண்டட்டும். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அது பணம் கொடுப்பதற்கே உரியது. 'உங்களுக்குப் பணம் வர எண்ணை அழுத்துங்கள்' என்பவன் திருடன். ஏமாந்துவிட்டால் நாணிக் கிடவாமல், உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். வாங்குவோரின் அட்டை எண்ணை நம் ஏட்டில் எழுதி வைப்பதும் கூடாது; கடைகள் அதனைச் சேமித்து வைப்பதற்கான தடை 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அன்பர்களே! நம் பெண்மக்களின் கைம்மணம் இன்று ஊர் கடந்து செல்ல வழி பிறந்துள்ளது. அவர்கள் ஈட்டும் சிறு தொகை பிள்ளைகளின் கல்விக்கும் முதியோரின் மருந்துக்கும் ஆகும். அதில் ஒரு காசும் கணக்கின்றிக் கரையலாகாது. கணக்கு அறிந்த இளைஞர்கள் தம் தாய்மார்க்கும் அண்டை வீட்டு அத்தைமார்க்கும் அருகமர்ந்து இவற்றைப் பொறுமையாகக் கற்றுத் தருவார்களாக. அதுவும் தமிழ்ச் சங்கம் ஆற்றத்தக்க நற்பணியே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!