நிழலும் சாட்சி சொல்லும்

2018 ஜூலையில் ஒரு காணொளி உலகமெங்கும் பரவியது. ராணுவ உடையில் இருந்த சிலர், இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் மண்பாதையில் நடத்திப் போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். கேமரூனில் நடந்தது என்றார்கள். அந்நாட்டு அரசோ பொய்ச் செய்தி என்று மறுத்தது.

பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு, காணொளியின் தொடக்கத்தில் தெரிந்த மலை முகட்டைச் செயற்கைக்கோள் படங்களில் தேடியது. ஊர் கிடைத்தது. சிப்பாயின் நிழலை வைத்து சூரியன் நின்ற கோணத்தைக் கணக்கிட்டது. அதைச் செயற்கைக்கோள் படங்களோடு சேர்த்துப் பார்த்ததில் காலமும் கிடைத்தது: 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில். 2020-இல் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டு சிறை விதிக்கப்பட்டது.

இந்தப் பொறுமையான வேலையை இன்று கல்லூரி மாணவர்களும் செய்கிறார்கள். 2016-இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் மாணவர் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு டிஜிட்டல் சரிபார்ப்புப் படையைத் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லி, இங்கிலாந்தின் எசெக்ஸ், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அதில் உழைத்திருக்கிறார்கள்.

அவர்கள் முதலில் கேட்பது, 'இது பழைய படமா?' என்பதுதான். வேறொரு போரின் காட்சி புதுத் தலைப்போடு வருவது வாடிக்கை. பிறகு கடைப்பலகையின் எழுத்து, தண்ணீர்த் தொட்டி, பள்ளிவாசல் கோபுரம், மின்கம்பம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்துகிறார்கள். ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்கிறார். பதிவு நாளை நீக்கப்படலாம் என்பதால் பிரதியும் எடுத்து வைக்கிறார்கள்.

இருபது வயதில் மரணத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனதை அரிக்கும். அதனால் ஒலியை நிறுத்திப் பார்க்கவும், தனியாக உட்காராமல் கூட்டாளியோடு பார்க்கவும், கலங்கினால் வாய்விட்டுச் சொல்லவும் பழக்குகிறார்கள்.

பலன் உண்டா? லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது 2017-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த கைது ஆணைக்கு, சமூக ஊடகங்களில் வந்த காணொளிகளே முக்கிய ஆதாரம். 2020-இல் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் சேர்ந்து இத்தகைய ஆய்வுக்கு நெறிமுறையே வகுத்தன.

நேயர்களே, கண்ணீரோடு பார்த்ததைச் சந்தேகிப்பது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் நாம் அவசரத்தில் அனுப்பும் ஒரு போலிப் படம், நூறு உண்மைப் படங்களையும் பொய் என்று தள்ள ஒரு சாக்காகிவிடும். கொல்லப்பட்டவர் இனிப் பேச முடியாது. அவர் சார்பில் நிற்கும் மலையும் நிழலும் பேச, யாராவது நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மாணவர்கள் கேட்கிறார்கள். அடுத்த காணொளியைப் பகிரும் முன் நாமும் சற்று நின்று கேட்போம்: எங்கே? எப்போது? எடுத்தவர் யார்?