படகுக்காரர் சொன்னதே சரி



சென்ற மாதம் எங்கள் அம்பத்தூர் பங்கின் இளைஞர்கள் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார்கள். "ஃபாதர், பழவேற்காட்டில் ஒரு படகை வாடகைக்குப் பேசிவிட்டோம். காலையில் கடலுக்குப் போய் மீன் பிடித்துவிட்டு, மாலையில் மகிமை மாதா கோயிலில் செபித்துவிட்டு வருகிறோம். இருபது பேர்தான்." லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேட்டேன். "மாதா பார்த்துக்கொள்வார்கள் ஃபாதர்" என்று சிரித்தார் ஒரு தம்பி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருவான புதிதில் நானும் பீடச் சிறுவர்களை அங்கே அழைத்துப் போனேன். "பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது சாமி, இரண்டு நடையாகப் போகலாம்" என்றார் படகுக்காரர். நேரமாகிறது என்று சொல்லி, எல்லாரையும் ஒரே நடையில் ஏற்ற வைத்தவன் நான். சாமியாரின் பேச்சை அவரால் தட்ட முடியவில்லை. முகத்துவாரத்தின் அருகே அலை தூக்கிப் போட்டது. பிள்ளைகள் செபமாலை சொன்னார்கள். பத்திரமாகக் கரை சேர்ந்தோம். அடுத்த ஞாயிறு மறையுரையில் அதையே ஓர் அற்புதமாகச் சொன்னேன்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. அதே பழவேற்காட்டில் உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். செய்தியைப் படித்தபோது என் கை நடுங்கியது. அவர்களைவிட நாங்கள் பக்தியில் உயர்ந்தவர்களா? சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னார். மனம் மாற வேண்டியவர்கள் உயிரோடு இருப்பவர்கள்.

ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை சொன்னபோது, வானதூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசு குதிக்கவில்லை. புயல் வரும்போது தந்தையை நம்புவது விசுவாசம். ஆபத்தை நாமே தேடிப் போய், கடவுள் காப்பாற்றட்டும் என்பது அவரைச் சோதிப்பது.

அந்த விபத்துக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. தடையை மீறுகிறவர் படகுக்காரர் மட்டுமா? அன்றாடப் பிழைப்புக்குத் தவிப்பவரிடம் பணத்தைக் காட்டிக் கூப்பிடுகிறவர்கள் நாம் அல்லவா?

இளைஞர்கள் முகம் வாடியது. ஆனாலும் பயணத்தை நிறுத்தவில்லை. செங்குன்றம், பொன்னேரி வழியாக வேனில் போனோம். மகிமை மாதா கோயிலில் அந்த 22 பேருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். பிறகு கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டோம். நாள் முழுக்கக் கிடைத்தவை மூன்று கெளுத்திகள்.

அந்தப் படகுக்காரரைத் தேடினேன். அவர் காலமாகிவிட்டார். அவருடைய மகனிடம், "உங்கள் அப்பா சொன்னதே சரி, நான்தான் கேட்கவில்லை" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்பர்களே, சுற்றுலாவுக்குப் புறப்படும்முன் செபியுங்கள். செபித்தபின், தண்ணீரை அறிந்தவர் சொல்வதைக் கேளுங்கள். கடவுள் பல வேளைகளில் அவர் வாயாகத்தான் பேசுகிறார். அன்று இரவு இருபது பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆமென்.