போரும் ஏடும்



இப்பொழுது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருவரையொருவர் வினவுவது கற்றோரிடையே உள்ள நல்ல வழக்கம். அவ்வினாவை நீங்கள் என்னிடம் விடுத்ததாகக் கொண்டு விடை கூறுகிறேன். சில திங்களாக என் மேசைமீது இருப்பவை போரைப் பற்றிய நூல்கள். அவற்றுள் பாதி வரலாறு, மறுபாதி நாவல். ஒரு போரைப் பற்றி வரலாற்று நூல் ஒன்றையும் நாவல் ஒன்றையும் அடுத்தடுத்துப் படித்து வருகிறேன். இம்முறையால் பெற்ற பயனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

அமைதியை விரும்புவோர் போர் நூல்களை ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நோயை வெறுக்கும் மருத்துவன் அன்றோ நோயைப் பற்றி மிகுதியாகப் படிக்கின்றான்! மேலும், பதினெட்டு வயது நிரம்பியதும் நீங்கள் வாக்குரிமை பெறுகின்றீர்கள். போர் வேண்டும் என்றும் வேண்டா என்றும் நாடு முழுவதும் பேசும் நாள் ஒன்று வருமானால், உங்கள் குரலும் அங்கே எண்ணப்படும். போர்க்களத்தைக் கண்ணால் காணாத நமக்கு அந்நாளில் துணை நிற்பவை ஏடுகளே.

முதலில் வாட்டர்லூவைப் பார்ப்போம். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோற்ற களம் அது. பாடநூலில் அதன் படம் இருக்கும். இங்கே ஒரு படை, அங்கே ஒரு படை என்று அம்புக்குறிகள் இருக்கும். ஆனால், அந்த அம்புக்குறிக்குள் நின்ற மனிதன் எதைக் கண்டான்? இவ்வினாவுக்கு விடை தருவது பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் 1839-இல் வெளியிட்ட 'பார்மாவின் துறவிமடம்' என்னும் நாவலின் தொடக்கப் பகுதி. ஸ்டெந்தால் நெப்போலியனின் படையோடு 1812-இல் உருசியாவரை சென்று மீண்டவர். அவர் படைத்த இளைஞன் வீரக் கனவோடு வாட்டர்லூவுக்கு வருகிறான். புகையைக் காண்கிறான், உழுத நிலத்திலிருந்து மண் தெறித்து எழுவதைக் காண்கிறான். தான் போற்றிய பேரரசன் குதிரைமீது கடந்து செல்கிறான்; அவனையும் சரியாகக் காணவில்லை. தான் இருந்தது உண்மையில் போர்தானா என்ற ஐயம் எல்லாம் முடிந்த பின்னும் அவனை விடவில்லை.

இது கதாசிரியரின் கற்பனை என்று தள்ளிவிடலாமா? ஜான் கீகன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் 1976-இல் எழுதிய 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' என்ற நூலைப் பாருங்கள். சாண்டர்ஸ்ட் படைத்துறைப் பள்ளியில் வருங்காலப் படைத்தலைவர்களுக்கு வரலாறு கற்பித்தவர் அவர். இளமையில் வந்த நோயால் கால் ஊனமுற்றவர். ஆதலால் படையில் சேர இயலாதவர். தாம் எந்தப் போரையும் கண்டதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். 1415-இல் நடந்த அஜின்கோர், 1815-இல் நடந்த வாட்டர்லூ, 1916-இல் நடந்த சோம் ஆகிய மூன்று களங்களை எடுத்துக்கொண்டு, நின்ற வீரனுக்கு எவ்வளவு தொலைவு கண் தெரிந்தது, அவன் முந்திய இரவு உறங்கினானா, உண்டானா, காயமுற்றவன் என்ன ஆனான் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். வாட்டர்லூவில் பலர் இரவெல்லாம் மழையில் நனைந்து, பசியோடு நின்றவர்கள். வெடிமருந்துப் புகையில் எதிரே இருப்பது தெரியாமல் தவித்தவர்கள். கதாசிரியர் சொன்னதற்கு வரலாற்றாசிரியர் சான்று கூறுகிறார்.

இனிச் சோம் களத்துக்கு வருவோம். பிரான்சு நாட்டில் அவ்வாற்றை அடுத்த களத்தில் 1916 ஜூலை 1 அன்று பிரித்தானியப் படை தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஒரு நாளில் அப்படைக்கு நேர்ந்த மொத்த இழப்பு 57,470 பேர்; அவர்களுள் உயிர் இழந்தோர் 19,240 பேர். இவ்வெண்ணைச் சற்று நின்று படியுங்கள். ஆயிரம் மாணவர் பயிலும் கல்லூரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கல்லூரிகள் பத்தொன்பது, விடிந்து இருள்வதற்குள் வெறுமையாகிவிட்டன என்பதே அதன் பொருள்.

இப்பெரிய எண்ணை மனம் தாங்குவதில்லை. ஆகவே 1929-இல் நூலாக வெளிவந்த ஜெர்மானிய நாவல் ஒன்றை இதனோடு சேர்த்துப் படிக்குமாறு சொல்லுவேன். எரிக் மரியா ரெமார்க் எழுதியது; ஆங்கிலத்தில் 'ஆல் குவயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்' எனப்படுவது. ரெமார்க் 1917-இல் களத்தில் காயமுற்றவர். அவர் கதையில் பள்ளி மாணவர் சிலர், ஆசிரியரின் வீரப் பேச்சைக் கேட்டுப் படையில் சேர்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக மடிகிறார்கள். கதை சொல்லும் இளைஞனும் 1918 அக்டோபரில் மாண்டு போகிறான். அன்றைய படை அறிக்கையோ மேற்கு முனையில் குறிப்பிடத்தக்கது ஒன்றும் இல்லை என்று கூறியது. நூலின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. மாண்டவன் ஒருவன் என்றால் அறிக்கையில் இடம் இல்லை. மாண்டோர் 19,240 பேர் என்றால் நம் மனத்தில் இடம் இல்லை. இவ்விரு குறைகளையும் வரலாறும் நாவலும் சேர்ந்தே நீக்க முடியும். இந்நாவலை 1933-இல் நாஜிகள் தெருவில் இட்டு எரித்தார்கள். போரை நாடுவோர் எத்தகைய ஏட்டுக்கு அஞ்சுகிறார்கள் என்பதை அதனால் அறியலாம்.

மூன்றாவதாக, நம் நாட்டை ஒட்டிய களம். படைத்தலைவர் வில்லியம் ஸ்லிம் 1956-இல் வெளியிட்ட 'டிஃபீட் இன்டு விக்டரி', 1942-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய படை மீண்டும் வென்ற வரலாறு. அவருடைய பதினான்காம் படையில் பெரும்பாலோர் இந்தியர். வெற்றி பெற்ற தலைவர் எழுதிய நூலாயினும், 1944-இல் கோகிமாவுக்கு எதிரி எத்துணைப் பெரும்படை அனுப்புவான் என்று கணித்ததில் தாம் பிழைபட்டதை அவரே எழுதுகிறார். 1943-இல் காயமுற்று மருத்துவமனை சேர்ந்தவன் ஒருவன் என்றால், நோயுற்றுக் களத்தை விட்டு அனுப்பப்பட்டோர் 120 பேர் என்று கணக்கும் காட்டுகிறார். மலேரியாவைத் தடுக்கும் மாத்திரையை வீரர் நாள்தோறும் உண்ணும்படி செய்யத் தவறிய படைப்பிரிவுத் தலைவர் மூவரைப் பதவியிலிருந்து நீக்கினாராம். வாளைக் காட்டிலும் கொசு வலியது என்பதை எந்த வீரகாவியம் நமக்குச் சொல்லும்?

அதே போரில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை 1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் அமைத்தனர். பியேர் பூல் 1952-இல் எழுதிய குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய நாவலும், 1957-இல் வந்த திரைப்படமும் அப்பாதையை உலகறியச் செய்தன. அவற்றில் நாம் காண்பவர் பிரித்தானியப் போர்க் கைதிகள். ஆனால் அங்கே உழைத்தோரிலும் மாண்டோரிலும் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவர்களுள் இருந்தனர். நல்ல கதையும் பலரை மறைத்துவிடக்கூடும் என்பதை இதனால் உணர்கின்றோம்.

மறைக்கப்பட்ட அந்தப் பக்கத்தில் நம்மவர் ஒருவர் எழுதியதும் உண்டு. ப. சிங்காரம் இளமையில் சுமத்திரா தீவின் மேடான் நகரில் வாழ்ந்தவர். 1972-இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி' சப்பானியர் வருகையையும், வட்டிக்கடைத் தமிழரையும், இந்திய தேசிய ராணுவத்தையும், மதுரைச் சீமையின் நினைவையும் ஒருங்கே காட்டுகிறது. ஸ்லிம்மின் நூலை அடுத்து இதனைப் படித்தால், ஒரே போரை இரு கரைகளிலிருந்தும் கண்டவர்கள் ஆவீர்கள்.

நண்பர்களே, போர் நூல் எதை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் எங்கே நின்று கண்டார்? யாரை எண்ணினார்? யாரை எண்ணாமல் விட்டார்? வெட்சி முதலாகப் போரை வகுத்துரைத்த தொல்காப்பியர், நிலையாமையைப் பேசும் காஞ்சியையும் அப்புறத்திணைகளுள் ஒன்றாகவே வைத்தார். படை எழுச்சியைப் பாடும் இடத்திலேயே இழப்பையும் நினைக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று.

ரெமார்க்கின் நாவல் சிறியது, அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு கீகனின் நூலில் சோம் பற்றிய பகுதியைப் படியுங்கள். உங்கள் கல்லூரி நூலகத்தில் இவை இல்லையெனில், வாங்கி வைக்குமாறு நூலகரை வேண்டிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போர்ச் செய்தி ஒன்றில் ஓர் எண்ணைக் கேட்கும்போது, அதற்குள் நிற்கும் முகங்கள் உங்கள் கண்ணுக்குப் புலப்படும்.