மந்திரவாதி தோற்பது எதனால்?
(நமது குடியிருப்புக் குழந்தைகள் தின விழாவில் பேசியது)

மக்களே, 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’ படத்தில் நேபாள மந்திரவாதியாக எஸ்.வி.ரங்காராவ் நடித்தார். கேட்டதெல்லாம் தரும் சிலைக்காக ஒரு வாலிபனைப் பலி கொடுக்கப் பார்ப்பான், அவனே பலியாவான்.

விக்கிரமாதித்தன் கதைச் சாமியாரும் அப்படித்தான். வேதாளம் சொல்லிக்கொடுத்தபடி, “எப்படி விழுந்து கும்பிடணும், காட்டுங்க” என்று ராஜா கேட்டார். சாமியார் குனிந்தான், தலை போயிற்று.

இருவருக்கும் மந்திரம் தெரியும். எதிரே நிற்பவனுக்கும் மூளை உண்டென்று தெரியாது.

இருவரும் நல்லவர்போல வந்து, உள்நோக்கத்தை மறைத்தவர்கள். ஆகவே மக்களே, “பரிசு தாறேன், வீட்டில் சொல்லாதே” என்று யார் சொன்னாலும் உடனே வீட்டில் சொல்லுங்கள்.

பெரியவர்களே, பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். அந்த ராஜா பிழைத்தது ஒரு கேள்வியால்தான்.