சரித்திரப் பட்டமும் கடன் கணக்கும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இங்கிலாந்திலே குடியேறிவிட்ட நம்மவர் வீடுகளிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகின்றது. "பிள்ளை சரித்திரம் படிக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான், அறுபதினாயிரம் பவுண் கடனாகுமாம், பிறகு என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்பதே அது. தாய் தகப்பன் கேட்கும் நியாயமான கேள்வி. சரித்திரக் கல்வியின் மகிமையை விரித்துரைத்து அதனை மழுப்பிவிட நாம் விரும்பவில்லை. கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

1998ஆம் ஆண்டுக்கு முந்திய பல வருடங்களில் இங்கிலாந்துப் பிள்ளைகள் சர்வகலாசாலையிற் கட்டணம் கட்டியதில்லை. அவ்வாண்டிலே வருடத்துக்கு 1,000 பவுண் வரை என்று தொடங்கியது. 2006இல் 3,000 ஆகி, 2012இல் 9,000க்குத் தாவி, 2025இல் 9,535ஐ எட்டியது. இந்த விகிதப்படி மூன்று வருடத்துக்கு 28,605 பவுண். சாப்பாடு, அறை வாடகை ஆகியவற்றுக்கான கடன் வேறு. வீட்டை விட்டு இலண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்கும் வறிய பிள்ளைக்கு 2025–26இல் வருடத்துக்கு 10,544 பவுண் வரை கொடுக்கப்பட்டது. முன்பு இத்தகையோருக்கு இதில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்க வேண்டாத உபகாரப் பணமாகக் கிடைத்தது. 2016 முதல் புதிய மாணவருக்கு அது நிறுத்தப்பட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளையே அதிக கடனோடு வெளியே வருகின்றான். இது நமக்கு நீதியாகத் தோன்றவில்லை.

ஆனால், 'கடன்' என்ற சொல் நம்மவரைச் சற்று மயக்கிவிடும். நம் ஊரிலே கடனென்றால் காணி ஈடு, நகை அடகு, படலையிலே வந்து நிற்கும் வட்டிக்காரன். அங்குள்ள மாணவர் கடன் அவ்வாறன்று. 2023 ஆகஸ்டுக்குப் பின் படிப்பைத் தொடங்கியோர் வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால் மாத்திரம், அந்த மேலதிகத் தொகையில் 100க்கு 9 வீதம் சம்பளத்திலிருந்து வரிபோலக் கழிக்கப்படும். 24,000 உழைப்பவன் ஒரு சதமும் கட்டுவதில்லை. 30,000 உழைப்பவன் வருடத்துக்கு 450 பவுண், அதாவது மாதம் 37½ பவுண் கட்டுவான். 40 வருடம் சென்றபின் மிச்சம் எவ்வளவாயினும் தள்ளுபடி. தகப்பனுடைய வீட்டை ஒருவரும் ஏலம் போட மாட்டார்.

சரித்திரம் படித்தவர் பலர் ஆசிரியராகின்றனர். அதனால் அவர் கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டெம்பரில் வகுத்தபடி, இலண்டனுக்கு வெளியே புதிய ஆசிரியரின் வருடச் சம்பளம் 32,916 பவுண். கழிவு வருடத்துக்கு 712 பவுண். மாதம் ஏறக்குறைய 59. இது தாங்கக்கூடியதே. எனினும் 60,000 பவுண் கடனுக்கு வட்டி 100க்கு 3 என்று வைத்துக்கொண்டால், வட்டி மாத்திரம் வருடத்துக்கு 1,800 ஆகின்றது. அவர் கட்டுவதோ 712. கட்டக் கட்டக் கடன் வளரும்! வட்டியை மட்டும் அடைப்பதற்கே 45,000 பவுண் சம்பளம் வேண்டும். பெருஞ் சம்பளக்காரன் சில வருடங்களில் கடனை முடித்து நிமிர்ந்துவிடுவான். மிகக் குறைவாக உழைப்பவன் கட்டுவதேயில்லை. நடுத்தர உத்தியோகத்தரே தலை நரைக்கும்வரை கட்டுவார். பட்டம் பெற்ற சரித்திர மாணவருட் பலர் வந்து சேருமிடம் இந்த நடுவிடந்தான்.

உத்தியோகச் சந்தையின் மதிப்பையும் மறைக்க வேண்டியதில்லை. 2025–26இல் ஆசிரியப் பயிற்சிக்கு வந்த கணித, பௌதிகப் பட்டதாரிகளுக்கு அரசாங்கம் 29,000 பவுண் உதவிப் பணம் கொடுத்தது. சரித்திரப் பட்டதாரிக்கு ஒன்றுமில்லை. இலண்டனிலுள்ள நிதி ஆய்வு நிறுவகமாகிய ஐ.எஃப்.எஸ். 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வரியும் கடனும் போக, பட்டதாரிகள் ஐவரில் ஒருவர் சர்வகலாசாலைக்குப் போகாதிருந்தால் பணவகையில் மேலாயிருந்திருப்பார் எனக் கண்டது. ஆனால் சராசரியாக ஆண்களுக்கு 130,000 பவுணும் பெண்களுக்கு 100,000 பவுணும் வாழ்நாள் இலாபம் என்றும் அதே ஆராய்ச்சி சொல்கின்றது. எந்தப் பாடம், எந்தச் சர்வகலாசாலை என்பதைப் பொறுத்து இது பெரிதும் வேறுபடும். சரித்திரம் கற்றோர் ஆசிரியத் தொழிலோடு நிற்பதுமில்லை. மேற்பயிற்சி பெற்று நியாயவாதிகளாயும், அரசாங்க சேவையாளராயும், பத்திரிகையாளராயும் உள்ளனர். ஆகவே பையனிடம் "ஏன் சரித்திரம்?" என்று கேட்பதிலும், "எங்கே, அதன்பின் எதற்கு?" என்று கேட்பதே பயனுடையது. அவனிடம் அதற்கு விடையிருந்தால், 60,000 என்ற எண்ணைக் கண்டு நாம் தடை சொல்லமாட்டோம்.

இனி, இங்கே அமர்ந்திருக்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கடன் இங்கிலாந்தில் நிரந்தரமாக வசிப்போருக்கே உரியது. இங்கிருந்து மாணவ விசாவிற் போகிறவருக்கு அது கிடையாது. அவரிடம் கேட்கும் கட்டணமும் அந்த 9,535 அன்று, அதனிலும் மிகப் பெரியது. அதற்காக இங்குள்ள வங்கியிற் காணியை ஈடு வைத்து வாங்கும் கடனுக்கு 25,000 என்ற எல்லையுமில்லை, 40 வருடத் தள்ளுபடியுமில்லை. உத்தியோகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை வரும். நம் நாட்டிலோ 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியின்படி, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே சரித்திரத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம். இடம் கிடைப்பதுதான் கடினம். கடிதத்தில் வந்த அங்குள்ள கணக்கைப் பார்த்து இங்குள்ள காணி உறுதியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் புறப்படுவோர் இவ்விரண்டையும் முதலிற் பிரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.